இரண்டடி வாசல்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அன்னலட்சுமி தன் புருஷன் சோமசேகரத்தைச் சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு கிளினிக்குக்குப் புறப்பட்டபோது வாசல் இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது வாசலுக்கு முன்னால் சுவர் நின்றது.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டோவை ரோட்டோரம் நிறுத்திய பொடியன்கூட, இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். ரோட்டிலிருந்து வேப்பமரத்தடியால் நேரே நடந்தால் அவள் வீட்டுக் கதவு. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அதுதான் வழி. முன்வளவுக் காணி ஆனந்தராசாவுடையது, பின்வளவு இவர்களுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலிக் கதியால்கூட யாரும் நட்டதில்லை. இப்போது அந்த வேப்பமரத்துக்கு அப்பால், ஆள் உயரத்துக்குப் புளொக் கல் அடுக்கியிருந்தது. கச்சான் காற்றில் சீமெந்துப் புழுதி பறந்து சோமசேகரத்தின் கண்ணிமையில் படிந்தது. அவர் இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். வலது கை இரண்டு வருஷமாக மடியிலேதான் கிடக்கிறது.

"தெரியுது, தெரியுது," என்றாள் அன்னலட்சுமி. "நானும் கண்ணாலதான் பாக்கிறன்."

கிழக்குப் பக்கத்து ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு எல்சியின் படியடிக்கு வந்தார்கள். அங்கிருந்து பார்த்தபோதுதான் முழுவதும் தெரிந்தது. அவள் வீட்டின் முன்சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் இரண்டடி விட்டிருந்தார்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி நடந்தால் கதவு வரைக்கும் போகலாம். சில்லுக் கதிரை போகாது.

எல்சியின் புருஷன் இராஜநாயகம் அப்போதுதான் வலை வேலை முடித்து வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை இறக்கிய சோமசேகரத்தை, தன் முதுகில் போட்டுக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார். பாதி தூரத்தில் சோமசேகரத்தின் முழங்கை புளொக் கல்லில் உரசித் தோல் போனது. அவர் சத்தம் போடவில்லை. உணர்ச்சி இல்லாத கை அது. இரத்தம் வழிந்து இராஜநாயகத்தின் சேட்டில் பட்ட பிறகுதான் எல்லோரும் கண்டார்கள்.

அன்னலட்சுமி காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். பிறகு சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த இரண்டடியால் வெளியே போய், சுற்றி, முன்வளவுக்குள் நுழைந்தாள்.

அங்கே கட்டடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. கீழே நாலு அறை, மேலே நாலு அறை, மொட்டை மாடியில் நின்றால் உள்துறைமுகத் தண்ணி தெரியும். வெளிநாட்டார் வந்து தங்குகிற விடுதி. கட்டுவது ஆனந்தராசாவின் மகன் சசிகரன். அவன் சுவிஸில் இருக்கிறான். இங்கே நின்று வேலை பார்ப்பது மெல்ரோய், ஓர்ஸ் ஹில்லைச் சேர்ந்த பொடியன், முப்பது வயது இருக்கும். எவரோடும் மரியாதையாகத்தான் கதைப்பான். அவளைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அன்ரி."

"இருக்க வரேல்லை. என்ர வாசலை ஏன் அடைச்சனீங்கள்?"

"வாசலைத் தொடேல்லை அன்ரி." மெல்ரோய் உண்மையாகவே நம்பித்தான் சொன்னான். "வாசலுக்கு ஒண்டும் செய்யக்கூடாது எண்டு சசி அண்ணை வடிவாச் சொன்னவர். கதவடியில இரண்டடி விட்டுத்தான் கட்டினது. மேசனைக் கேட்டுப் பாருங்கோ, நூல் பிடிச்சு அளந்தவன்."

"அப்ப வாசல் எங்க?"

"உங்கட கதவு அப்படியே இருக்குதுதானே?"

"கதவைக் கேக்கேல்லை, தம்பி. வாசலைக் கேக்கிறன்."

மெல்ரோய் அவளை விளங்காமல் பார்த்தான். பிறகு, நாங்கள் வியாழக்கிழமை கட்டினது வேணுமெண்டு இல்லை, மேசன்மாருக்கு அண்டைக்குத்தான் நேரம் கிடைச்சது என்றான். அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்காததற்குப் பதில் சொன்னபடியால், நாள் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

*

அன்னலட்சுமி இடியப்பம் விற்கிறவள். புருஷனுக்குப் பாரிசவாதம் வந்த மாதத்திலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். விடியப்புறம் எழும்பி, அவித்து அரித்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணி விட்டு, அகப்பைக் காம்பால் கிண்டி, கை பொறுக்கிற சூட்டில் குழைத்து இடியப்ப உரலில் அடைப்பாள். மா இறுகினால் உரல் இறங்காது. இளகினால் இடியப்பம் ஒட்டும். அந்தப் பதம் அவள் விரலுக்குத் தெரியும். பிழிந்த தட்டுகளை அடுக்கி மூடிவைத்துவிட்டு, மறு அடுப்பில் தேங்காய்ப்பால் சொதி கொதிப்பதற்குள் சம்பல் இடித்து முடிப்பாள். ஆறு மணிக்கு வாசலில் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மேலே பெட்டியை வைத்தால் துறைமுகத்துக்குப் போகிறவர்களும் ஓட்டோக்காரரும் கந்தோர் வேலைக்குப் போகிற பெண்களும் ரோட்டிலிருந்தே கண்டு வருவார்கள். வேப்பமரத்தடியில் நின்றபடி சாப்பிடுவார்கள். சிந்துவதைத் தின்ன, ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு வந்து நிற்கும்.

வெள்ளிக்கிழமை காலை மேசையை வைக்க இடமில்லை. கதவைத் திறந்தால் மூக்குக்கு முன்னால் சீமெந்து. ரோட்டில் போகிறவர்களுக்கு வீடு இருப்பதே தெரியாது. எட்டு மணி வரைக்கும் வந்தது மூன்று பேர். மூன்றாவதாக வந்தவள் ரிப்கா, தையல்கடை வைத்திருப்பவள். வயிற்றில் ஏழு மாதம். அந்த இடைவெளிக்குள் நுழைய மாட்டாமல் எல்சி வீட்டு ஒழுங்கையில் நின்று, "லெச்சுமி அக்கா, உங்கட வாசலுக்கு வர ஏலாமக் கிடக்கு, இஞ்ச கொண்டாந்து தருவீங்களா?" என்று கூப்பிட்டாள்.

அவித்ததில் முக்கால்வாசி மிஞ்சியது. மத்தியானம் அதையே பாலில் ஊறவிட்டுச் சாப்பிட்டார்கள்.

மகள் கௌசிகா போட்டோகொப்பிக் கடையில் ரைப் அடிக்கிறவள். கடிதம், மனு எல்லாம் அவளுக்குப் பழக்கம். ஒரு கிழமைக்குள் மெல்ரோய் கொண்டுவந்து கொடுத்த சட்டத்தரணியின் கடிதத்தை அவள்தான் உரக்க வாசித்தாள்.

"'காணி உறுதிப் பத்திரத்தில் வீடும் கிணற்றிற் பங்கும் வாசலும் என்றே கூறப்பட்டுள்ளது. வாசல் என்பது வீட்டின் கதவு நிலையை மட்டுமே குறிக்கும். அந்நிலைக்கு எமது கட்சிக்காரர் எவ்வித சேதமும் விளைவிக்கவில்லை. வழி என்ற சொல் உறுதியில் இல்லை.'"

"திருப்பி வாசி."

கௌசிகா திருப்பி வாசித்தாள்.

அன்னலட்சுமி கையில் இருந்த அகப்பையைக் கழுவாமலே வைத்தாள். "கதவு நிலையோ? ஆரடி இந்தச் சட்டத்தரணி, தமிழ் தெரியாத ஆளோ?"

"தமிழ் ஆள்தான் அம்மா."

"அவன்ர வீட்டில ஆரும் வாசல் கூட்டுறேல்லையோ? நிலையைத்தான் கூட்டுறவையோ?" அவளுக்குக் குரல் உயரவில்லை. இறங்கியது. கௌசிகாவுக்கு அந்தக் குரல்தான் பயம். "சட்டத்தரணிக்குத் தெரியாது, போகட்டும். சசிக்குத் தெரியாதோ? பள்ளிக்கூடம் போற வழியில தினம் காலம்பிற இஞ்ச வந்து இருந்து திண்டவன். 'மாமி, வாசலில நிக்கிறன், கெதியாத் தாங்கோ' எண்டு கத்துவான். நிலையில ஏறியோ நிண்டவன்? அவன்ர அப்பா செத்தபோது பந்தல் போட்டது இரண்டு வாசலுக்கும் சேத்துத்தான். இதுதான் அவன்ர வளவு, இதுதான் என்ர வாசல் எண்டு ஆரும் கயிறு கட்டினவையோ?"

சோமசேகரம் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கும், சொல்லத்தான் வராது. வருகிற ஐந்தாறு சொல்லில் ஒன்று இப்போது வந்தது.

"எழுது," என்றார்.

கௌசிகா மனு எழுதினாள்.

*

மனு மத்தியஸ்த சபைக்குப் போனது. வழக்காகாமல் பிணக்குத் தீர்க்கிற அந்தச் சபை சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடமொன்றில் கூடும். ஆறாம் வகுப்பு அறை. கரும்பலகையில் யாரோ பாதி அழித்த பின்னக் கணக்கு. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெரியவர்கள் முழங்கால் முட்ட இருந்தார்கள். மூன்று மத்தியஸ்தர்கள். நடுவில் இருந்தவர் லாபிர். தபால்காரராகத் தொடங்கித் தபால் அதிபராக ஓய்வுபெற்றவர். ஒரு தொப்பி, ஒரு மூக்குக்கண்ணாடி, எதையும் இரண்டு தரம் கேட்கிற பழக்கம்.

மெல்ரோய் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தான். லாபிர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இவங்க சொல்றது வாசல் எண்டா கதவு நிலை எண்டு. நீங்க என்ன சொல்றீங்க?"

அன்னலட்சுமி எழுந்து நின்றாள். இருந்து சொல்லலாம் என்றார்கள். அவள் இருக்கவில்லை.

"ஐயா, நான் அஞ்சாம் வகுப்பு. எனக்குச் சட்டம் தெரியாது. சொல்லு தெரியும். காலம்பிற எழும்பி வாசல் தெளிக்கிறன் எண்டு சொல்லுறன். மரநிலைக்கோ தண்ணி தெளிக்கிறது? வாசலில கோலம் போட்டது எண்டால் கதவிலயோ போட்டது? உங்கட வாசலில ஆரோ நிக்கினம் எண்டு அயலட்டையில சொன்னால், நான் எங்க போய்ப் பாக்கிறது? சாமி வாசலுக்கு வருது எண்டால் தேரை நிலைக்குள்ளயோ செருகிறது?"

பின்னால் முறைக்குக் காத்திருந்த சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வாசல் எண்டால் வாறவன் வந்து நிக்கிற இடம், ஐயா. வீட்டுக்காரன் வெளிக்கிட்டுக் கால் வைக்கிற இடம். அதை எடுத்துப்போட்டு, ஓட்டையை மட்டும் விட்டிட்டு, வாசலைத் தொடேல்லை எண்டு எழுதினால், அது என்ன கதை?" அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, கைகளைக் கோத்துக்கொண்டு, "நான் பிழையாச் சொன்னால் மன்னியுங்கோ. நீங்கள் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போறியள். அங்க போய்க் கதவிலயோ தொழுகிறியள்? உங்கட சனம் அந்த முழு வீட்டுக்கும் வாசல் எண்டுதானே பேர் வைச்சிருக்கு," என்றாள்.

மற்ற இரண்டு மத்தியஸ்தர்களும் லாபிரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேரம் எடுத்துத்தான் துடைத்தார்.

"நாப்பது வருஷம் தபால் வேலை பார்த்தேன்," என்றார் கடைசியில். "எத்தனையோ வாசல்ல சைக்கிள் மணி அடிச்சிரிக்கிறேன். நிலையில போய் நிண்டு அடிச்சதா எனக்கும் ஞாபகம் இல்ல." மெல்ரோயின் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தக் கதையை உங்கட ஆளுக்குச் சொல்லுங்க. வழக்குக்குப் போனா எத்தனை வருஷம் போகும் எண்டும் சொல்லுங்க. ரெண்டு கிழமைக்குப் பொறகு வாங்க."

மெல்ரோய் ஒரு கிழமையிலேயே வந்தான். இடைவெளிக்குள் பக்கவாட்டில் நடந்து வந்து, கதவடியில் நின்று, ஒரு கடதாசியை நீட்டினான். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அண்ணை சம்மதிச்சிட்டார், அன்ரி. சுவரில நாலடி திறந்து விடுறம். கதிரை வடிவாப் போகும். நீங்கள் இதில ஒரு கையெழுத்து வைச்சால் நாளைக்கே உடைக்கிறன்."

கௌசிகா வாங்கி வாசித்தாள். "'நோயாளியின் நிலையைக் கருத்திற்கொண்டு, மனிதாபிமான அடிப்படையில், காணி உரிமையாளரின் அனுமதியுடன் நான்கடி அகலப் பாதையொன்று தற்காலிகமாக வழங்கப்படுகிறது. இவ்வனுமதி எச்சமயத்திலும் மீளப்பெறப்படலாம்.'"

"மீளப்பெறப்படலாம் எண்டால்?"

"திருப்பி எடுக்கலாம், அம்மா."

"எப்ப?"

"அவை நினைச்ச நேரம்."

அன்னலட்சுமி கடதாசியை வாங்கி, மடித்து, மெல்ரோயின் சேட்டுப் பையிலேயே வைத்தாள். "என்ர வாசலுக்கு நான் போய்வர அவன் ஆர் அனுமதி தர? என்ர மனுசன் படுத்திட்டார் எண்டு இரங்கித் தாறானோ? அப்ப இவர் எழும்பி நடந்தால் திருப்பி அடைப்பானோ? அல்லது செத்தால் அடைப்பானோ? இதில அனுமதி எண்டு இருக்கிற இடத்தில 'அவர்களின் வாசல்' எண்டு எழுதிக் கொண்டாருங்கோ. கையெழுத்து வைக்கிறன்."

மெல்ரோய் போனதும் கௌசிகா வெடித்தாள்.

"உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு? நாலடி தாறன் எண்டுதானே சொல்லினம்? ஒரு சொல்லுக்காக அப்பாவை இன்னும் எத்தனை தரம் முதுகில ஏத்தப் போறியள்? நேற்றைக்கு இடியப்பம் எத்தனை மிஞ்சினது? நீங்கள் சொல்லையோ அவிச்சுத் தரப்போறியள்?"

"நீ ரைப் அடிக்கிற பிள்ளை. உனக்குத் தெரியும்தானே, கடதாசியில என்ன கிடக்கோ அதுதான் பிறகு கதை. முதல் உறுதியில ஒரு சொல்லு குறைஞ்சதுக்குத்தான் இப்ப இந்தச் சுவர்."

"அது சரி. ஆனால் அப்பா?"

இருவரும் சோமசேகரத்தைப் பார்த்தார்கள். முழங்கைக் காயம் அடுத்த கிளினிக் நாளிலும் உரசி, ஆறாமல் பொருக்குத் தட்டியிருந்தது. அவர் மகளையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. திறந்த கதவுக்கூடாகச் சுவரைப் பார்த்தபடி, இடது கையால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"வேண்டாம்," என்றார். பிறகு நெடுநேரம் வாயைக் கோணி, அடுத்த சொல்லைத் தேடி எடுத்தார். "பிச்சை."

கௌசிகா அழுதுகொண்டே குசினிக்குள் போனாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்தக் கடதாசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் காலை இடியப்பப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய், எல்சி வீட்டு ஒழுங்கை முகப்பில் மேசை போட்டாள். எல்சி தன் வேலிப் படலையைக் கழற்றி வைத்து இடம் கொடுத்தாள்.

*

ஆடி மாதக் கடைசியில் சசிகரன் வந்தான். விடுதி திறப்பு விழாவுக்காக, பெண்சாதியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வந்த இரண்டாம் நாள் பின்னேரம் தனியாக அன்னலட்சுமி வீட்டுக்குப் புறப்பட்டான். கையில் சொக்கிலேற் பெட்டி ஒன்று.

அவன் கட்டுவித்த சுவரை அவன் கண்டது அன்றுதான் முதல்தரம். படத்தில் பார்த்திருந்தானாம். சின்ன வயதில் ஒல்லிப் பிச்சானாக இருந்தவன் இப்போது வயிறும் தோளுமாக இருந்தான். சொக்கிலேற் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் உரசி உரசி வந்தான். கதவடிக்கு வந்தபோது வெள்ளைச் சேட்டின் முன்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம்.

அன்னலட்சுமி மா அரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அரிதட்டைக் கீழே வைத்தாள். வா என்று சொல்லவில்லை.

"மாமி, சுகமோ?"

"இருக்கிறம்."

"மாமா?"

"உள்ள."

அவன் ஒரு கால் தூக்கினான். அவள் கதவை விட்டு நகரவில்லை. தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தான்.

"மாமி, கோவிக்காதையுங்கோ. எனக்கு உங்களோட ஒரு பகையும் இல்லை. விடுதிக்கு அனுமதி எடுக்கேக்க எல்லை அடைச்சிருக்க வேணும் எண்டவை. வாற ஆக்களுக்கும் ஒரு தனிமை வேணும். எங்கட முற்றத்துக்குள்ளால ஆக்கள் போய்வந்தால் அவை விரும்பமாட்டினம். அதுக்குத்தான் லோயரைக் கேட்டனான். அவர்தான் சொன்னவர், வாசல் எண்டால்…"

"லோயர் சொன்னதை விடு. நீ சொல்லு. வாசல் எண்டால் என்ன?"

"சட்டப்படி பாத்தால், மாமி…"

"சட்டத்தை விடு எண்டன். உன்ர அம்மா உனக்குச் சொல்லித் தந்த தமிழில சொல்லு."

சசிகரன் பதில் சொல்ல வாயெடுக்க, அவன் காற்சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. பெண்சாதி. எடுக்காமல் விட்டுப் பார்த்தான். திரும்ப அடித்தது. சுவருக்கும் கதவுக்கும் நடுவில் கையை மடக்கக்கூட இடம் இல்லாமல், முழங்கையைச் சுவரில் இடித்துக்கொண்டு எடுத்தான். அந்தப் பக்கத்துக் குரல் வெளியே கேட்கிற அளவுக்கு உரத்திருந்தது. பிள்ளை தேடி அழுகிறாள், எங்க நிக்கிறியள் என்றாள்.

"இஞ்ச, பின்னால," என்றான் சசிகரன். "லெச்சுமி மாமி வீட்டு வாசலில நிக்கிறன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குக் கேட்டது. ஃபோனைக் காதிலிருந்து எடுத்தான். தான் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தான். அவனுடைய சப்பாத்துக் கால் இரண்டும் அவன் விட்ட இரண்டடிக்குள், ஒன்றன் முன் ஒன்றாக, குறுக்கே கிடந்தன. நிலை அவனுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"நிலையில நிக்கேல்லைத்தானே?" என்றாள் அன்னலட்சுமி.

அவன் ஃபோனைப் பைக்குள் போட்டான்.

"இப்ப உன்ர வாயால வந்ததைத்தான் எழுதித் தா எண்டு கேட்டனான். வேற ஒண்டும் கேக்கேல்லை. உன்ர வளவு உன்ரதான். அறை கட்டு, மாடி கட்டு, கடலைக் காட்டு. இந்த வேம்படியால ரோட்டு வரைக்கும் கிடக்கிறது என்ர வாசல். உனக்கு முந்தி, உன்ர அப்பனுக்கு முந்தி, அப்படித்தான் சொல்லி வந்தது. அண்டைக்கு இவரை இந்த இடுக்காலதான் முதுகில கொண்டு வந்தது. கையில தோல் போய் இரத்தம் வந்தது. உனக்கு ஆரும் படம் எடுத்து அனுப்பினவையோ?"

"எனக்குத் தெரியாது, மாமி."

"நாள் பாத்துக் கட்டச் சொன்னது தெரியும்தானே? நாங்கள் கிளினிக் போற வியாழக்கிழமை எண்டு தெரியும்தானே?"

சசிகரனின் முகம் கறுத்தது. அதற்கு அவன் தெரியாது என்று சொல்லவில்லை. அன்னலட்சுமிக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் சுவரைக் கண்ட அன்றுகூட வந்ததில்லை. அவள் இவ்வளவு நாளும், மெல்ரோய்தான் தன்பாட்டில் நாள் பார்த்திருப்பான் என்று ஒரு மூலையில் நம்பியிருந்தாள்.

சொக்கிலேற் பெட்டியை அவன் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வா. ஐயாவுக்கு முன்னால எழுது."

"மாமாவை ஒருக்காப் பாத்திட்டுப் போகட்டோ?"

"சுவர் விழட்டும். பிறகு வாசலால வந்து பார்."

அவன் திரும்ப முடியாமல், வந்த மாதிரியே பின்பக்கமாக உரசிக்கொண்டு போனான்.

*

சனிக்கிழமை சசிகரன் வந்தான். சட்டத்தரணி வரவில்லை. லாபிர் கடதாசியைத் தன் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பேரையும் பார்த்தார். பாதை என்று எழுதப் போனவரை அன்னலட்சுமி நிறுத்தினாள். 'ரோட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும், வேப்பமரத்திலிருந்து வீட்டுக் கதவு வரைக்கும், பத்தடி அகலத்திற் கிடக்கும் நிலம் சோமசேகரம் குடும்பத்தாரின் வாசலாகும். இது முன்னரும் அவ்வாறே இருந்தது' என்று எழுதினார். கடைசி வசனம் வேண்டுமா என்று சசிகரன் கேட்டான்.

"வேணும்," என்றாள் அன்னலட்சுமி.

"சரி, எழுதுங்கோ ஐயா," என்றான் அவன் லாபிரிடம். "எனக்கு இதோட பிரச்சினை முடிஞ்சால் போதும். வயசானவை, அயல் எண்டுதான் விட்டுக் குடுக்கிறன்."

லாபிரின் பேனை நின்றது. அவர் அன்னலட்சுமியைப் பார்த்தார். கௌசிகா தாயின் கையைப் பிடித்தாள், இப்போதும் எழுந்துவிடுவாளோ என்று. அன்னலட்சுமி எழவில்லை. அவனை ஒருதரம் பார்த்தாள். கடதாசியில் விட்டுக் கொடுத்தது என்று எங்கேயும் இல்லை. அதை மகளை விட்டு இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள்.

திங்கட்கிழமை காலை மேசன்மார் வந்து உடைத்தார்கள். மெல்ரோயும் சேட்டைக் கழற்றிவிட்டு ஒரு சுத்தியலோடு நின்றான். அவனுக்கு அது வேலையில்லை. ஏன் தம்பி என்று எல்சி கேட்டதற்கு, "கட்டேக்க நிண்டனான்தானே," என்றான். மத்தியானத்துக்குள் கல் எல்லாம் அள்ளியாயிற்று. கௌசிகா தகப்பனைக் கதிரையில் வைத்து ரோட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், காரணம் ஒன்றும் இல்லாமல், திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பின்னேரம் சசிகரன் பெண்சாதியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். குளித்து, வேட்டி கட்டியிருந்தான். வேம்படியால் நேரே நடந்து வந்து கதவடியில் நின்றான். சின்னப் பெண் தகப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அன்னலட்சுமி மாக்கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் கடுகடுப்பு ஒன்றும் இல்லை.

"வாங்கோ, தம்பி," என்றாள். "உள்ள வந்து இருங்கோ."

அவன் பெண்சாதி சிரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. சசிகரன் மட்டும் வெளியிலேயே நின்றான். அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அவனை வா, இரு, தின் என்றுதான் சொல்லியிருக்கிறாள். இடுக்குக்குள் நிறுத்தி வைத்து ஏசியபோதும் நீ என்றுதான் ஏசினாள்.

"மாமி," என்றான்.

"ஏன் நிக்கிறியள்? மாமா உங்களைப் பாக்கத்தான் இருக்கிறார்."

அவன் உள்ளே போனான். சோமசேகரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சுகம் விசாரித்தான். கௌசிகா நல்ல கோப்பையில், தட்டு வைத்து, தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வெளி ஆட்களுக்கென்று அலுமாரியில் எடுத்து வைத்திருக்கிற கோப்பை அது. சசிகரன் கதிரை நுனியில் இருந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, முழுவதையும் குடித்து முடித்தான்.